உழைப்பவரை ஆராய்வதன் அறம்

அமெரிக்காவில் பணியிட உளவியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர் முதலில் புரட்டுவது அந்தந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலைத்தான். ஒவ்வொரு பேராசிரியர் பெயருக்குக் கீழும் அவருடைய ஆராய்ச்சி ஆர்வங்கள் ஓரிரு வரிகளில் இருக்கும். ஒருவர் ஆள்தேர்வுக்கான சோதனைகளை ஆராய்கிறார், இன்னொருவர் தலைமைப் பண்பை. மற்றவர்கள் பணிச்சுமையையும் மன அழுத்தத்தையும், குழுக்களின் செயல்திறனையும், வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே உள்ள இழுபறியையும் ஆராய்கிறார்கள். மாணவர் தன் நாட்டத்தோடு ஒத்துப்போகும் ஒருவரைத் தேர்ந்து அவருக்கு எழுதுகிறார். இதில் அறம் சார்ந்த முடிவு எதுவும் இருப்பதாக இருவருமே நினைப்பதில்லை. வானியலாளர் ஒருவர் ஒரு விண்மீன் கூட்டத்தைத் தேர்ந்துகொள்வது போன்ற சொந்த விருப்பமாகவே இதுவும் கருதப்படுகிறது. ஆனால் இந்தத் துறை ஆராய்வது கூலிக்கு உழைக்கும் மனிதரை. தன்னைப் பற்றி என்ன கேட்கப்பட வேண்டும் என்பதை அந்த மனிதர் முடிவு செய்வதில்லை. பதில் கிடைத்த பிறகு அதைப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் அவருடைய முதலாளி. ஆகவே உழைப்பவரை ஆராயும் துறையில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிப்பதே முதல் அறச்செயல் என்கிறேன். அந்தக் கேள்வியையும் அதன் நோக்கத்தையும் ஆராயப்படுபவரின் முகத்துக்கு நேரே ஒளிக்காமல் சொல்ல முடிகிறதா என்பதே அதற்குரிய சோதனை.

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர் இதை அடியோடு மறுத்தார். ஜெர்மனியிலிருந்து ஹார்வர்டுக்கு வந்த ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் 1913இல் தொழில் திறனுக்கும் உளவியலுக்கும் உள்ள தொடர்பு குறித்து எழுதிய ஆங்கில நூல் இத்துறையின் அடித்தள நூல்களில் ஒன்று. பாஸ்டன் நகர ட்ராம் ஓட்டுநர்களுக்காக அவர் ஓர் ஆய்வுக்கூடச் சோதனையை வடிவமைத்திருந்தார். தெருவைக் குறிக்கும் அட்டைகள் நகர்ந்துகொண்டிருக்க, குறுக்கே வரும் ஆபத்தை ஓட்டுநர் எவ்வளவு விரைவாக இனம்காண்கிறார் என்பதை அது அளந்தது. வேலைக்கு ஏற்ற ஆள், ஆளிடமிருந்து பெறக்கூடிய மிகச் சிறந்த வேலை, வாங்குபவரிடம் ஏற்படுத்தக்கூடிய மிகச் சிறந்த விளைவு என மூன்று பகுதிகளாக நூலை அவர் வகுத்துக்கொண்டார். இலக்கு எது என்பதை வணிகமும் சமூகமும் முடிவு செய்யட்டும், அதை அடையும் வழியைச் சொல்வது மட்டுமே உளவியலாளரின் வேலை, இலக்கு நல்லதா கெட்டதா என்று கவலைப்படுவது அவருடைய பொறுப்பில்லை என்பது அவர் கொண்ட நிலைப்பாடு. மேலோட்டமாகப் பார்த்தால் இது அடக்கமான பேச்சு. ஆனால் இலக்கைச் சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அந்த அடக்கம் கலைந்துவிடுகிறது. உளவியலாளரை அழைத்து, கூலி கொடுத்து, ஆலைக்குள் விட்டவர் யாரோ அவருடைய இலக்கே இலக்காகிறது. வரலாற்றாசிரியர் லோரன் பாரிட்ஸ் 1960இல் எழுதிய நூலில் இத்துறையினரை அதிகாரத்தின் ஊழியர்கள் என்று அழைத்தார். அந்தக் குற்றச்சாட்டுக்கு வேரே முன்ஸ்டர்பெர்க்கின் இந்த ஒதுங்கல்தான்.

இதற்கு மறுப்பாகச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரை இழுப்பவர்கள் உண்டு. விஞ்ஞானம் விழுமியங்களைப் பற்றித் தீர்ப்பளிக்காது, ஆசிரியர் தன் மேடையைப் பிரசங்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் அவர் வாதிட்டார். வேபருக்கு இந்தப் பொருள் தூரத்து விஷயமும் அல்ல. 1908, 1909ஆம் ஆண்டுகளில் உறவினர் ஒருவரின் லினன் நெசவாலைக் கணக்குகளை வைத்துத் தொழிலாளரின் உழைப்புத்திறன் நாளுக்கு நாள் ஏன் ஏறி இறங்குகிறது என்று அவரே ஆராய்ந்திருக்கிறார். களைப்பும் பயிற்சியும் மட்டும் அதற்குக் காரணமில்லை, கூலிக் கணக்கை மனத்தில் வைத்துத் தொழிலாளர்கள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதும் உண்டு என்பதை அவர் கண்டார். அளவுகோலுக்கு முன்னால் நிற்பவர் தானும் கணக்குப் போடுகிற, காரணம் வைத்துச் செயல்படுகிற மனிதர் என்பது அப்போதே தெரிந்த உண்மை. வேபரின் வாதத்தை முழுமையாகப் படித்தால் அது என் வாதத்துக்குத் துணைதான் நிற்கிறது. முடிவில் விழுமியம் கலக்கக் கூடாது என்றவர், ஆராயத் தகுந்தது எது என்ற தேர்வு விழுமியங்களிலிருந்தே பிறக்கிறது என்பதையும் தெளிவாகச் சொன்னவர். எல்லையற்ற உலகிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுத்து இதுதான் முக்கியம் என்று சொல்ல எந்தத் தரவும் நமக்குக் கட்டளையிடாது. எனவே விடையில் நடுநிலை என்பது ஆராய்ச்சியாளரின் கடமை, கேள்வியில் நடுநிலை என்பது இயலாத காரியம். இயலாததைச் செய்துவிட்டதாகச் சொல்பவர், வேறு யாரோ செய்த தேர்வைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு மறுப்பு இதைவிட இதமானது. முதலாளிக்கு நல்லதும் தொழிலாளிக்கு நல்லதும் கடைசியில் ஒன்றுதான், மனநிறைவோடு இருப்பவர் நன்றாக வேலை செய்வார், ஆகவே யாருக்காக ஆராய்ந்தாலும் இருவரும் பயன்பெறுவார்கள் என்கிறது அது. இத்துறையின் பல ஆராய்ச்சித் திட்டங்கள் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. பணித் திருப்திக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்ட இயாஃபால்டானோவும் முச்சின்ஸ்கியும் 1985இல் அந்த ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.17 என்றார்கள். 2001இல் டிமதி ஜட்ஜும் அவருடைய சக ஆய்வாளர்களும் வேறு முறையில் தொகுத்து, அது ஏறத்தாழ 0.30 என்றார்கள். இரண்டுமே கவனமான கணக்குகள். ஆனால் தொழிலாளியின் மனநிறைவு மதிக்கத்தக்கது என்பதற்கு அவருடைய உற்பத்தித்திறனே காரணம் என்றால், 1985க்கும் 2001க்கும் இடையில் அவர் நிம்மதியாக இருப்பதற்கான உரிமை ஏறக்குறைய இரட்டிப்பானது என்று சொல்ல வேண்டியிருக்கும். நாளை யாராவது அந்த எண்ணைப் பூஜ்யமாகக் குறைத்துக் காட்டினால் அந்த உரிமையும் பூஜ்யமாகிவிடும். இந்த அபத்தத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மனிதரின் நலத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்று உள்ளுக்குள் எல்லோரும் நம்புவதால்தான் இது அபத்தமாகத் தெரிகிறது. நலன்கள் ஒத்துப்போகும் இடங்கள் உண்டு, அவற்றை ஆராய்வதில் தவறும் இல்லை. ஆனால் ஒத்துப்போகும் இடங்களில் மட்டும் விளக்கேற்றும் துறை, அவை மோதும் இடங்களை இருட்டிலேயே விட்டுவிடுகிறது. கூலி, பணிநீக்கம், வேலை நேரம், சங்கம் என்று தொழிலாளிக்கு மிகவும் முக்கியமானவை அந்த இருட்டில்தான் கிடக்கின்றன.

நல்ல கேள்வியையும் தீய கேள்வியையும் பிரித்தறிய வழி இருக்கிறதா? தத்துவஞானி இம்மானுவேல் கான்ட்டின் இரண்டு எண்ணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வழி கிடைக்கிறது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது, அவர் தன்னளவிலேயே ஒரு நோக்கம் என்று 1785இல் அவர் எழுதியது எல்லோரும் அறிந்தது. அது உயர்ந்த விதி, ஆனால் ஆலைக்குள் கொண்டுபோனால் மங்கலாகிவிடும். ஏனென்றால் கூலி வேலை என்றாலே ஒருவர் மற்றவருக்குப் பயன்படுவதுதான். பத்தாண்டுகள் கழித்து, 1795இல், நிரந்தர அமைதி பற்றிய கட்டுரையின் பின்னிணைப்பில் அவர் இன்னொன்றைச் சொன்னார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் பின்னுள்ள கொள்கையை வெளிப்படையாக அறிவித்தால் அந்தச் செயலே நடக்காமல் போய்விடும் என்றால், அந்தச் செயல் நீதியற்றது. அரசுகளின் தந்திரங்களை மனத்தில் வைத்து அவர் எழுதிய இந்தச் சோதனை பணியிட ஆராய்ச்சிக்கும் பொருந்துகிறது. ஒரு கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தொழிலாளியிடமே விளக்கிய பிறகும் அது வேலை செய்கிறதா? செய்தால் அது அவரைப் பகுத்தறிவுள்ளவராக நடத்துகிறது. அவர் அறியாதவரை மட்டுமே வேலை செய்யும் என்றால் அது அவரைக் கையாள்கிறது. முன்ஸ்டர்பெர்க்கின் ட்ராம் சோதனை இதில் தேறிவிடும். தெருவில் நடப்பவர்களின் உயிரைக் காக்க இதை அளக்கிறோம் என்று எந்த ஓட்டுநரிடமும் சொல்லலாம், அவர் தேர்வில் தோற்றாலும் காரணத்தை ஏற்பார். முன்ஸ்டர்பெர்க்கின் தத்துவம் தவறு, ஆனால் அந்தக் கேள்வி சரி.

ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சோதனைக்கு நல்ல உரைகல். ஒரு நிறுவனம் பெரிய ஒப்பந்தங்களை இழந்து, தன் ஆலைகள் இரண்டில் 10 வாரங்களுக்கு 15 சதவீதக் கூலியை வெட்டியது. ஓர் ஆலையில் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு, கேள்விகளுக்கு இடம்கொடுத்து விளக்கினார்கள். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். கூலி வெட்டப்படாத மூன்றாவது ஆலையோடு ஒப்பிட்டபோது இரண்டிலும் திருட்டு கூடியிருந்தது, சரியாக விளக்கப்படாத ஆலையில் அது மிகவும் கூடியிருந்தது. இந்த உண்மையை இரண்டு விதமாகப் படிக்கலாம். தங்களைப் பாதிக்கும் முடிவுக்குக் காரணம் கேட்கும் உரிமை மனிதருக்கு உண்டு, அதை மதிக்காமல் விடுவது அவர்களை அவமதிப்பது என்று படிப்பது ஒரு விதம். வருத்தம் தெரிவிப்பது போல் நடந்துகொண்டால் கூலியை மலிவாக வெட்டலாம் என்று படிப்பது மற்றொன்று. முதல் பாடத்தைத் தொழிலாளியிடம் சொன்னால் அவர் தலையசைப்பார். இரண்டாவதைச் சொன்ன கணமே அது பலிக்காமல் போகும், ஏனென்றால் நடிப்பு என்று தெரிந்த வருத்தத்துக்கு விலை இல்லை. ஒரே தரவுதான், ஆனால் அதை எந்தக் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறோம் என்பதில் அறமும் அறமின்மையும் பிரிகின்றன. ஆகவே தரவு நடுநிலையானது என்று சொல்லி ஆராய்ச்சியாளர் கைகழுவ முடியாது. எந்தப் பாடத்தோடு அதை உலகுக்குத் தருகிறார் என்பதும் அவர் ஆய்வின் பகுதிதான்.

சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள், மேலாளர் கல்வியில் இன்றும் கனிவின் வெற்றியாகவே சொல்லப்படுகின்றன. மின்னிணைப்புக் கருவிகளைப் பூட்டும் சில பெண்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரம், வேலை நேரம் ஆகியவற்றை மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி உயர்ந்தது, கவனமும் நட்பான மேற்பார்வையும்தான் காரணம் என்றார்கள். ஆனால் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி அந்த ஐந்து பூட்டுநர்களில் இருவரை 1928 தொடக்கத்தில் அறையிலிருந்து நீக்கி வேறு இருவரைச் சேர்த்தார்கள் என்பதும் அந்த ஆய்வின் பதிவுகளிலேயே உண்டு. அலெக்ஸ் கேரி 1967இல் இதைச் சுட்டிக்காட்டியபோது கனிவின் கதை பெரிதும் ஆட்டம் கண்டது. அந்த ஆய்வுகளின்போது 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை அதே ஆலையில் நேர்காணலும் செய்தார்கள். 1936இல் அங்கே தொடங்கிய ஆலோசனைத் திட்டத்தில் ஆலோசகர்கள் குறைகளைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஆனால் அவற்றைத் தீர்க்க எதுவும் செய்யக் கூடாது. மனம் திறந்து பேசுவதால் ஆறுதல் கிடைக்கும் என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குறை தீராது, அதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் அமைதியாவதே எங்கள் நோக்கம் என்ற அறிவிப்பை ஆலோசகரின் அறைக் கதவில் ஒட்டியிருந்தால் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்? கேட்பது என்ற நல்ல செயலையே இந்தத் திட்டம் பதிலளிக்காமல் இருப்பதற்கான வழியாக மாற்றியது. கான்ட்டின் சோதனையில் அது தோற்கிறது.

மதமும் அறநூலும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்திருக்கின்றன. 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் போப் இரண்டாம் ஜான் பால், உழைப்பின் மதிப்பை அதிலிருந்து வரும் பொருளை வைத்து அளக்காமல் உழைப்பவர் ஒரு மனிதர் என்பதை வைத்து அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் போலந்தில் கல்குவாரியிலும் ரசாயன ஆலையிலும் கூலி வேலை பார்த்தவர் அவர். திருக்குறளில் ஆள்தேர்வுக்கென்றே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு, இரண்டும் ஆள்பவனின் பக்கத்திலிருந்து பேசுகின்றன. நிர்வாகவியல் பேச்சாளர்கள் அவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் வள்ளுவர் நிறுத்தவில்லை. சில அதிகாரங்கள் தள்ளிச் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் வருகின்றன, அங்கே குடிமக்களின் துயரம் ஆள்பவனை அளக்கும் கோலாகிறது. தேர்ந்தெடுப்பவனும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களால் நிறுத்துப் பார்க்கப்பட வேண்டியவன் என்பது அந்த வரிசையிலேயே இருக்கும் பாடம். ஊழியரை அளக்க நூறு கருவிகளையும் முதலாளியை அளக்க ஒன்றிரண்டையும் செய்து வைத்திருக்கும் துறைக்கு அது இன்னும் எட்டவில்லை.

சமயப் பின்னணி கொண்ட ஓர் எண்ணத்தையே இத்துறை இப்போது ஆர்வத்தோடு ஆராய்கிறது. ஒருவர் தன் வேலையைப் பிழைப்பாகவோ, முன்னேற்றப் பாதையாகவோ, ஓர் அழைப்பாகவோ பார்க்கலாம் என்று ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997இல் எழுதினார்கள். அதன் பிறகு, கடவுள் அழைத்த பணி என்ற கருத்து கடவுள் இல்லாமலேயே ஆய்வுக் கட்டுரைகளில் வலம்வருகிறது. 2009இல் பண்டர்சனும் தாம்சனும் விலங்குக்காட்சிச் சாலைகளில் விலங்குகளைப் பராமரிப்பவர்களை ஆராய்ந்தார்கள். அழைப்பு என்ற உணர்வு மிக்கவர்களுக்கு வேலை ஆழ்ந்த பொருளைத் தந்தது. குறைந்த கூலிக்கும் கடினமான நிலைமைக்கும் அவர்கள் சம்மதிப்பதும் அதே உணர்வால்தான். 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஊழியர் வேலையை நேசிக்கிறார் என்று தெரிந்தால் அவரிடம் சம்பளமில்லாத கூடுதல் வேலை வாங்குவதை மற்றவர்கள் அவ்வளவு தவறாகக் கருதுவதில்லை என்று ஜே யுன் கிம்மும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். இந்த இரண்டு ஆய்வுகளும் நான் சொல்லும் சோதனையில் கம்பீரமாகத் தேறுகின்றன. உன் பக்தியைக் காட்டி உன்னிடமே அதிகம் பறிக்கிறார்கள் என்ற செய்தி, அதை அறிந்தவரின் கையில் கேடயமாகிறது. ஊழியர் மனத்தில் அழைப்பு உணர்வை வளர்ப்பது எப்படி என்று நிறுவனத்துக்காகக் கேட்கும் ஆய்வு, அதே பொருளை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடிக்கிறது. தலைப்பு ஒன்றாக இருந்தும் இரண்டும் அறத்தில் ஒன்றல்ல.

தொழிலாளியின் பக்கம் நின்று கேள்வி கேட்டால் விடை கோணலாகிவிடாதா, அறிவு பிரச்சாரமாகிவிடாதா என்பது மிகவும் பலமான மறுப்பு. அதற்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. வியன்னாவுக்கு அருகே மாரியென்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டதும் ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் சைசல் ஆகியோர் அங்கே நடத்திய ஆய்வு 1933இல் நூலானது. வெறும் பார்வையாளராக யாரும் ஊருக்குள் போகக் கூடாது, ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையோடு போக வேண்டும் என்று அவர்கள் விதித்துக்கொண்டார்கள். துணி விநியோகம், மருத்துவ உதவி, வகுப்புகள் என்று செய்துகொண்டே கவனித்தார்கள். அவர்கள் சோஷலிசச் சார்புள்ளவர்கள். வேலையின்மை மக்களைப் போராடத் தூண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் சூழலில் இருந்தது. அவர்கள் கண்டது நேர்மாறானது. ஊர் சோர்ந்து அடங்கியிருந்தது. நேரம் மிச்சமிருந்தும் நூலகத்தில் எடுக்கப்படும் நூல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன, ஆண்களின் நடையே மெதுவாகியிருந்தது. இதை அப்படியே எழுதினார்கள். கேள்வியில் சார்பு இருந்தது, விடையில் நேர்மை இருந்தது. நடக்கும் வேகத்தை அவர்கள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கடிகாரம் வைத்து அளந்தார்களே, அது ஒளிவுமறைவு இல்லையா என்று கேட்கலாம். அந்த நிமிடத்தில் மறைத்தது உண்மைதான். ஆனால் நான் கேட்கும் வெளிப்படைத்தன்மை நோக்கத்துக்கானது. உங்களுக்கு வேலை இல்லாததால் என்ன நேர்ந்திருக்கிறது என்று உலகுக்குச் சொல்லப்போகிறோம் என்பதை அந்த ஊராரிடம் சொல்வதால் அந்த ஆய்வின் நோக்கம் எதையும் இழக்காது.

யதார்த்தம் பேசுபவர்களின் மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. ஆலைக் கதவைத் திறப்பதும் பணம் தருவதும் நிறுவனங்கள், அவர்கள் கேட்பதைத்தான் ஆராய முடியும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு, அதன் விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. இத்துறையின் ஆய்வுகளில் மேலாளர்களும் படித்த அலுவலர்களும் மிகுதியாக இடம்பெறுகிறார்கள், மணிக்கூலிக்கு உழைக்கும் சாதாரணத் தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்று மிண்டி பெர்க்மனும் வனெசா ஜீனும் 2016இல் துறையின் ஏட்டிலேயே கேட்டார்கள். ஆனால் மாற்று வழி இருந்திருக்கிறது. ஆர்தர் கோர்ன்ஹவுசர் டெட்ராய்ட் கார் தொழிலாளர்களை நேர்காணல் செய்து 1965இல் எழுதிய நூலில், திறனுக்கு இடமில்லாத சலிப்பான வேலையில் இருப்பவர்களின் மனநலம் குன்றியிருந்ததைக் காட்டினார். இங்கிலாந்தில் எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951இல், புதிய இயந்திர முறை நிலக்கரித் தொழிலாளரின் சிறு குழுக்களை எப்படிச் சிதைத்தது என்று எழுதினார்கள். பாம்ஃபோர்த் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு உடம்பாலேயே தெரிந்திருந்தது. அப்போது போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த லெஸ்லி ஹாமர் மளிகைப் பேரங்காடி ஊழியர்களிடம் ஆய்வு நடத்தி, குடும்பப் பொறுப்புகளை மதிக்கும்படி மேற்பார்வையாளர்களைப் பயிற்றுவிக்க முடியும் என்று காட்டினார். நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் கார் வாழ்வதற்குப் போதுமான கூலி எது என்பதை உளவியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். நியூயார்க்கின் ஜோயல் லெஃப்கோவிட்ஸ் 2003இல், விஞ்ஞானியாகவும் நடைமுறையாளராகவும் இருந்தால் மட்டும் போதாது, மனிதநேயராகவும் இருக்க வேண்டும் என்று துறைக்கே சொன்னார். பொது நிதி, சங்கங்கள், உடல்நல அமைப்புகள் என்று கதவுகள் வேறு பக்கமும் உண்டு என்பதற்கு இவர்களே சான்று.

ஆகவே ஆசிரியர் பட்டியலைப் புரட்டும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆராய்ச்சித் தலைப்பையும் படிக்கும்போது, அதன் வாசகராக உங்களை எண்ணாமல், அதன் பொருளாக இருக்கப்போகும் கடை ஊழியரையோ செவிலியரையோ கிடங்குத் தொழிலாளியையோ எண்ணிப் பாருங்கள். இந்தக் கேள்வியையும், பதிலை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்பதையும் அவரிடம் முழுதாகச் சொல்ல முடியுமா? அவர் தன் கேள்வி ஒன்றைச் சேர்க்க இடமிருக்கிறதா? துறைகளும் தங்கள் ஆய்வு நெறிக்குழுக்களில் சம்மதப் படிவத்தோடு நின்றுவிடாமல் இந்த இரண்டையும் கேட்கலாம். இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால், சம்பளம் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அந்த ஆராய்ச்சியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், எவ்வளவு நிதி வந்தாலும், எவ்வளவு பெரிய பெயர் வழிகாட்டினாலும், வேறு கேள்வியைத் தேடிக்கொள்ளுங்கள்.